ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள்

கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன். "அண்ணாச்சி, ஸ்டெல்லா போயிட்டா" என்றார் ஸ்டெல்லா டீச்சரின் அக்கா. மஞ்சள் காமாலையாம். லீவு போட்டால் சம்பளத்தைப் பிடிப்பார்களே என்று, கண் மஞ்சளித்த பிறகும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். விளையாட்டு ஆசிரியை, கடைசி வரை தற்காலிகம்தான்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் ரைபிள் கிளப்பில் சேர வந்தார். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு துப்பாக்கி?" என்றார் மில் முதலாளி வீட்டுக்காரரான செயலாளர். "துப்பாக்கிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது சார்" என்றார் டீச்சர். பணிவாகத்தான் சொன்னார். செயலாளர் அதை மறக்கவே இல்லை.

கிளப்பில் உருப்படியான துப்பாக்கி ஒன்றுதான். குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி குழல் மேலிருக்கும் இரும்புக் குறியின் திருகை அவரவர் கண்ணுக்குத் தக்கபடி சரிசெய்துகொள்வோம். அதற்கு ஜீரோ பண்ணுவது என்று பேர். சுட்டு முடித்ததும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும். டீச்சர் இதில் ஒரு நாளும் தவறியதில்லை.

தொண்ணூறுகளில் செயலாளரின் அக்கா மகன் வெளிநாட்டிலிருந்து ரெட் டாட் என்ற குறிக்கருவி கொண்டுவந்தார். அதன் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அதை இலக்கில் வைத்துச் சுட வேண்டியதுதான். கிளப் துப்பாக்கியில் அதை மாட்டிய கையோடு, கீழே இருந்த இரும்புக் குறியையும் புள்ளிக்கு நேராகத் திருகிவிட்டார். அதற்கப்புறம்தான் சுட்டுச் சுட்டுப் புள்ளியை ஜீரோ பண்ணினார். புள்ளி நகர்ந்தது, இரும்புக் குறி முதலில் திருகிவிட்ட தப்பான இடத்திலேயே நின்றது.

"தம்பி, செலக்‌ஷன்ல இந்த லைட்டை விடமாட்டாக. இரும்புக் குறியைத் தனியா சுட்டுப் பாக்கணும், செத்த நேரம் குடுங்க" என்று டீச்சர் கேட்டார்.

"அம்புட்டு குண்டும் தீந்துபோச்சு டீச்சர். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, போங்க."

மாநில அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. அதற்காகத்தான் அத்தனை வருடம் பஸ் ஏறி வந்தார்.

செலக்‌ஷனில் நடுவர் ரெட் டாட்டைக் கழற்றச் சொன்னார். சரிபார்க்கத் தனிக் குண்டு தரவில்லை. சுட்டு முடித்த பிறகுதான் இலக்கு அட்டையைக் காட்டினார்கள். அத்தனை குண்டும் கீழே, இடப்பக்கம், ஒரு நாணயத்தை வைத்தால் மூடிவிடும் அளவுக்குள்.

"பயத்துல கை நடுங்கிருச்சு" என்றார் செயலாளர்.

டீச்சர் அட்டையை நீட்டினார். "கை நடுங்குனா செதறும்ல சார்? இது பூராவும் ஒரே இடத்துல கெடக்கே."

அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. நான் ஏதோ சொல்லப்போக, "நீரு உம்ம கடையைப் பாரும்வே" என்றார். பிசகு கையில் இல்லை, இரும்புக் குறியில்தான் என்று சுடத் தெரிந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. மில் முதலாளி வீட்டைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? அடுத்த வருடம் டீச்சருக்கு அந்த வேலைக்கான வயது வரம்பு தாண்டிவிட்டது.

கல்லறைத் தோட்டத்துக்குச் செயலாளர் பெரிய மாலையோடு வந்திருந்தார். "நல்ல பிள்ளை. கைதான் நடுங்கும், பாவம்" என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சரின் அக்கா முந்திக்கொண்டார்.

"மாலையை எடுத்துட்டுப் போங்க சார். எம் தங்கச்சிக்கு வேண்டாம்."

மாலையைச் சுமந்துகொண்டு அவர் கார் வரைக்கும் நடந்தார். ஒருவரும் கூடப் போகவில்லை. செலக்‌ஷன் அன்றைக்கே இப்படி அவரை விட்டு விலகி நின்றிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

பெட்டியை மூடுமுன், விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிவிட்டார்கள். போய் வாருங்கள், டீச்சர். எனக்கு மனசு ஆறவில்லை.