கன்ட்ரோல் பத்தொன்பது

முப்பது வருடம் ஊசி குத்திய கை என்னுடையது. திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் சீனியர் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். நரம்பு பிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது, பேனாவால் செய்த ஒரு தப்பைப் பற்றி.

மனநலப் பிரிவு டாக்டர் நீனா ஓர் ஆய்வு தொடங்கினார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறதா, தைராய்டு, லெப்டின் போன்ற ஹார்மோன்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒப்பிட, அந்த எண்ணமே இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அவர்களுக்குப் பெயர் கன்ட்ரோல். ரத்தம் எடுக்குமுன் பன்னிரண்டு கேள்விகள். அதைக் கேட்டு டிக் போடுகிற வேலைக்கு டாக்டர் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்.

கன்ட்ரோலுக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாடு. காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்க யாருக்கு என்ன தலையெழுத்து? கடைசியில் லேப் ஆட்களையே பிடித்தேன். பத்தொன்பதாவது ஆள் மணி. அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். நாற்பது வயது, விதுரா என்ற மலையோர ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். லேபில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது மணிதான்.

அன்று ஓ.பி.யில் கூட்டம் நெரிந்தது. மணியை எனக்குத் தெரியாதா? ஒன்றும் கேட்காமல் பன்னிரண்டுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்து, ரத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

மத்தியானம் டாக்டர் அந்தத் தாளோடு வந்தார். மலையாளி; என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"சேச்சி, இந்த டிக் எல்லாம் ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி ஒரே கோட்டில நிக்குதே. கேட்டுப் போட்டதா?"

"டாக்டரே, நம்ம மணிதானே! அவனுக்கு என்ன கேடு?"

"அது அவரல்லே சொல்லணும்? ஒண்ணொண்ணா வாய்விட்டுக் கேளுங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னைவிட இருபது வயது சின்னவள், எனக்கு வேலை கற்றுத்தருகிறாளா! முனகிக்கொண்டே புதுத் தாளை எடுத்தேன். மணியை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

"வாயை மூடிட்டுப் பதில் சொல்லுடே."

"வாயை மூடிட்டு எப்படிக்கா சொல்ல?" என்று சிரித்தான்.

ஆறு கேள்விகளுக்குச் சிரித்தபடியே "இல்லை" என்றான். ஏழாவதைப் படித்தேன்: கடந்த ஒரு மாதத்தில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா?

மணி சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்தான்.

"தினமும் தோணுதுக்கா. நாளைக்கு லீவு கேட்டேம்லா, கல்யாணத்துக்குன்னு? அது பொய். திரும்பி வரப்பிடாதுன்னுதான் இருந்தேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்டே எங்கிட்ட சொல்லல?"

"நல்லாருக்கியான்னு கேப்பிய. நல்லாருக்கேன்னு சொல்லுவேன். இப்படி யாரும் கேக்கலியேக்கா."

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் வரும்வரை அந்தக் கையை விடவில்லை. அவன் மனைவியை வரவழைத்து, அன்றே அவனை அட்மிட் செய்தோம்.

மறுநாள் அவனுடைய ரிசல்ட் வந்தது. கொலஸ்ட்ரால், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., எல்லாமே நார்மல். என்னால் நம்ப முடியவில்லை. டாக்டரிடம் கேட்டேன்.

"நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதாவது தெரியலாம், சேச்சி. ஒரு ஆளோட மனசை ஒரு டியூப்ல வாசிக்க முடியாது கேட்டோ," என்றார். பட்டியலில் பத்தொன்பதாம் எண்ணை அடித்துவிட்டார்.

அந்தத் தாளை அவர் எனக்குத் திருப்பித் தராமல் போயிருந்தால் இன்று மணி இல்லை. கோபப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நன்றி சொல்லி மட்டும் இன்னும் தீரவில்லை. தெரிந்த ஆள்தானே என்று ஒரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளே.

மூன்று மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டு மணி வேலைக்குத் திரும்பினான். கன்ட்ரோலில் அப்போதும் ஒரு ஆள் குறைந்தது. நான் உட்கார்ந்தேன். டாக்டர் பக்கத்தில் நிற்க, கேள்விகளை மணி படித்தான்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுடே, வேலை கிடக்கு," என்றேன்.

"பன்னிரண்டும் கேட்டாத்தான் ஊசி," என்றான்.

ஏழாவது கேள்வியைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தான். "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்கக்கா. நான் இருக்கேன்."

யோசித்துத்தான் 'இல்லை' என்றேன். பிறகு தாளைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டு அவன் போட்ட டிக்குகளில் இரண்டுகூட ஒரே கோட்டில் நிற்கவில்லை.