டயல் போனில் லூர்துராணி

நம்பாதவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். பாலக்கரை தோல் மண்டி காஜா மைதீனுக்குத் தலைப்பிள்ளை பிறந்த அன்று நடந்த நிஜம் இது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று எவன் சொன்னான்?

அதற்கு முன் ஒரு விஷயம். திருச்சியில் அப்போதுதான் டயல் போன் வந்திருந்தது. அதுவரை ரிசீவரை எடுத்தால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆபரேட்டர் லூர்துராணி பேசுவாள். நம்பர்கூடச் சொல்ல வேண்டாம். "டாக்டரம்மா வீட்டுல இல்லைங்க பாய், உறையூர்ல ஒரு கேஸ் பாக்குறாங்க, அங்க போடுறேன்" என்பாள். ஊரில் யார் எங்கே இருப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. மெஷின் வந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி நம் பேச்சை எவளும் ஒட்டுக்கேட்க மாட்டாள் என்று கடைவீதியே குஷியாக இருந்தது. காஜா மைதீனும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. மனைவி ஜஹானாராவுக்குக் காலையிலிருந்தே வலி. மருத்துவச்சி ராக்கம்மாள் அறையை விட்டு வெளியே வந்தாள். கையெல்லாம் ரத்தம்.

"புள்ள குறுக்க கெடக்கு பாய். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. டாக்டரம்மாவக் கூப்பிடுங்க."

டயலைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினார். மறுபடியும். மெஷினுக்கு நம்பர் தெரியும். டாக்டரம்மா எங்கே போனார் என்று அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே ஜஹானாராவின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது.

"டாக்டரம்மா, ஓடி வாங்கம்மா..." அடித்துக்கொண்டிருந்த வெறும் மணியிடம் அழுதார்.

மணி நின்றது. சுவர்க்கடிகாரம் மூன்று அடித்தது.

டக்... எக்ஸ்சேஞ்சில் பிளக் சொருகும் சத்தம். பழைய சத்தம்.

"பாய், அவங்க மேலப்புதூர்ல இருக்காங்க. அங்க முடிஞ்சிருச்சு. இப்ப அனுப்புறேன்."

"லூர்துராணியா?"

ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

மூச்சுகூட இல்லை...

கால் மணி நேரத்தில் குதிரை வண்டி வந்து நின்றது. டாக்டரம்மா இறங்கி உள்ளே ஓடினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கை கழுவ வந்த டாக்டரம்மாவிடம் காஜா மைதீன் கேட்டார்.

"போன் வந்துச்சாங்கம்மா?"

அவர் கை அப்படியே நின்றது.

"அந்த மேலப்புதூர் வீட்டுல ஏது போன், பாய்? லூர்துராணி வீடு அது. வேலை போனதுலேர்ந்து படுத்த படுக்கை. மூணு மணிக்குப் போயிட்டா."

"அப்ப நீங்க எப்படி..."

"எக்ஸ்சேஞ்சுல அவ மாட்டிக்கிற ஹெட்போன் தலைமாட்டுல கிடந்துச்சு. கம்பி அறுந்தது. அவ கண்ணை மூடிவிட்டுப் பையை எடுத்தேன்... அந்த ஹெட்போனுக்குள்ளேர்ந்து நீங்க அழுதீங்க, பாய்."