தொண்ணூற்று நான்கு கேட்டு வந்த பெண்

இன்று விசாவுக்குப் படம் எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் கேமரா கடைக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண். கையில் பழைய பிலிம் கேமரா. புது ரோல் வாங்கி அங்கேயே போடச் சொன்னாள்.

கடைக்காரர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். “படத்து மூலைல தேதி விழும்லம்மா, அதுல வருஷம் 2019ஓட முடிஞ்சிருது. ஆஃப் பண்ணிடவா?”

“வேணாம் அங்கிள், 94 வைங்க.”

“ஏன்மா?”

“எங்க போர்ட் டிக்சன் ஆல்பம் முழுக்க 94தான். அம்மா, அண்ணன், குழந்தையா நான், எல்லாரும் இருக்கோம். அப்பா மட்டும் இல்ல. படம் எடுத்ததே அவர்தானே? இந்த ஞாயிறு அதே கடற்கரைல அவர நிக்க வச்சு எடுத்து, அந்த ஆல்பத்துல ஒட்டப் போறேன்.”

“அப்பாவுக்கு இப்ப முடியெல்லாம் நரைச்சிருக்குமே?”

“தொப்பி போட்டுக்கலாம் லா.”

அவர் ரோலைப் போட்டு, 94 வைத்துக் கொடுத்தார்.

என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “எனக்கும் 94 வைக்க முடியுமாண்ணே?” என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து வயிறு வரை ஒருமுறை பார்த்தார்.

“உங்களுக்குத் தொப்பி பத்தாது பாஸ்.”

என் விசா படம் எங்கே என்று யாரும் கேட்காதீர்கள். இங்கே போட மாட்டேன்.