காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு எடுத்த ரத்தம்

1. மிஷின் போன நாள்

எங்கள் லேபிலிருந்து சென்ட்ரிஃப்யூஜைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட நானே கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் என் மேலேயே இருக்கிறது.

டி.எம்.எல்.டி. படித்துவிட்டு லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் பெயர் கலாவதி. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்தாறு வருஷம் டெக்னீஷியனாக இருந்து, போன வருஷம் வேலையை முடித்துக்கொண்டேன். முதல் இருபத்துமூன்று வருஷம் அது ஒரு டாக்டரின் சொந்த லேப். ரத்தம் எடுப்போம், அங்கேயே டெஸ்ட் செய்வோம், மதியத்துக்குள் ரிப்போர்ட் கையில் கொடுத்துவிடுவோம். டாக்டருக்கு வயதாகிவிட்டது. லேபை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார்.

கம்பெனி வந்த மூன்றாம் மாதம் மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"இனிமே இது கலெக்‌ஷன் சென்டர் மேடம். டெஸ்ட் எல்லாம் சென்னைல. நீங்க எடுத்து அனுப்புனாப் போதும்" என்றான் புது மேனேஜர் கார்த்திகேயன். முப்பது வயது இருக்கும். மேனேஜ்மென்ட் படித்தவன். ஊசி குத்துகிற இடத்தில் நிற்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

டெஸ்ட் செய்கிற பெரிய அனலைசர் போனது எனக்குப் புரிந்தது. சென்ட்ரிஃப்யூஜ் போனதுதான் புரியவில்லை. அது ஒரு பெரிய குக்கர் அளவு மிஷின். ரத்தத்தை வேகமாகச் சுற்றி, சிவப்பணுக்களைக் கீழே தள்ளி, மேலே தெளிந்த சீரத்தைப் பிரித்துத் தரும். பிரிக்காமல் மணிக்கணக்கில் வைத்திருந்தால் சிவப்பணுவுக்குள் இருக்கிற பொட்டாசியம் சீரத்துக்குள் கசிந்துவிடும். ஆளுக்கு ஒன்றும் இருக்காது. ரிப்போர்ட்டில் மட்டும் பொட்டாசியம் ஏறி நிற்கும். சாம்பிளை வாங்க வருகிற வண்டியோ பத்தரைக்குத்தான் வரும். கிருத்திகை நாளில் மலைக்கு வருகிற கூட்டத்தில் சிக்கினால் பன்னிரண்டும் ஆகும்.

"அதான் ஐஸ் பாக்ஸ் குடுத்திருக்கோமே மேடம்?"

"பிரிக்காத ரத்தத்த ஐஸ்ல வெச்சா இன்னும் ஜாஸ்தியாத்தான் கசியும் சார். அந்த மிஷின் ஒண்ண மட்டும் உட்டுட்டுப் போங்க."

"சரி மேடம், மேல சொல்றேன்."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "மேல சொல்றேன்." சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அவன் பாடு என்று விட்டுவிட்டேன்.

2. ரோஸ்டர்

என் வீட்டுக்காரர் தேவராஜ் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அத்தை மகன்தான். பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. டாக்டர் இருந்தவரை எனக்கும் அப்படித்தான். எங்களோடு எப்போதும் இன்னொரு ஜோடி உண்டு. சுசீலா எங்கள் தெருவில் டெய்லர். அவள் வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு மார்க்கெட்டில் பூ வியாபாரம். நாலு பேரும் இரண்டு பைக்கில் மாதத்துக்கு ஒருநாள் எங்கேயாவது கிளம்பிவிடுவோம். பூண்டி ஏரிக்குப் போவோம். ஒன்றும் தோன்றாவிட்டால் ரயிலேறி அரக்கோணம் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவோம். பெரிய செலவில்லை. ஆனால் அந்த ஒருநாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் ஓடும்.

கம்பெனி வந்ததும் ரோஸ்டர் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் வரும். ஞாயிறு டூட்டி, செவ்வாய் ஆஃப் என்று இருக்கும்.

"செவ்வாக்கெழம நான் யாரோட ஊர் சுத்தறது பாவா? செவுத்தோடயா?" என்று கேட்பேன்.

கைலாசகோனா அருவிக்கு மூன்று தடவை நாள் குறித்தோம். மூன்று தடவையும் ரோஸ்டர் கெடுத்தது. ஒரு தடவை புளிசாதம் கட்டி, பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் வந்தது. "மேடம், இன்னிக்கி ஒரு ஹெல்த் கேம்ப். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." அந்தப் புளிசாதத்தை கேம்ப் நடந்த கல்யாண மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து தின்றேன்.

இதற்கு நடுவே ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்கு ஒருநாள் லீவு கேட்டேன். "தாராளமா போங்க மேடம். பதிலுக்கு வர்ற பொண்ணுக்கு இன்னும் லாகின் வரல. உங்க பாஸ்வேர்டு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றான். சொன்னேன். லீவு கிடைத்த சந்தோஷம். திரும்பி வந்தும் அதை மாற்றவில்லை.

3. அருவி

நாலாவது தடவை எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஞாயிறு லீவு எடுத்தேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஆந்திராவுக்குள் நகரி தாண்டி, புத்தூரில் காபி குடித்து, அருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. சுசீலாவும் நானும் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். பாவா குழந்தை மாதிரி கத்தினார். முனிரத்தினம் மட்டும் பாறையில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர்தான் முதலில் தண்ணீரில் இறங்குகிற ஆள்.

சாப்பிட உட்கார்ந்தபோது வாழைப்பழத்தை நீட்டினேன். வேண்டாமென்று கையை ஆட்டினார்.

"பழமே தொடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. எளநியும் கூடாதாம். பொட்டாசியம் ஏறிக்கிதாம் யக்கா. ஒரு வாரம் கயிச்சி திரும்ப வரச் சொல்லிக்கிறாரு."

"நாலு நாளா ஒரே தலவலின்னு சொல்லிக்கினு இருக்குறாரு க்கா" என்றாள் சுசீலா. "டாக்டரு பி.பி. மாத்திரையயும் நிறுத்திட்டாரு. அந்த மாத்திர பொட்டாசியத்த ஏத்துமாமே?"

பழத்தைக் கீழே வைத்தேன். "ரிப்போர்ட் வெச்சிக்கிறீங்களா?"

போனில் எடுத்துக் காட்டினார். பொட்டாசியம் 6.2. ஐந்துக்கு மேல் ஏறினாலே யோசிக்க வேண்டும். கீழே இருந்ததைப் படித்தேன். சாம்பிள் எடுத்த நேரம் 10.10. எடுத்தவர் கலாவதி.

போன திங்கட்கிழமை அவருக்கு ரத்தம் எடுத்தது நான்தான். மார்க்கெட்டுக்குப் போக நேரமாகிறது என்று லேப் திறப்பதற்கு முன்பே வந்து நின்றார். ஆறு ஐம்பத்தைந்து. டாக்டர் காலத்திலிருந்து நான் ஒரு நோட்டில் பெயரும் நேரமும் எழுதுகிற பழக்கம். கம்ப்யூட்டரிலும் அதே நேரத்தைத்தான் போட்டேன். யாரோ என் பெயரில் உள்ளே போய் மாற்றியிருக்கிறார்கள்.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் முனிரத்தினம் எழுந்தார். எழுந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். பாவா பிடித்திருக்காவிட்டால் தலை பாறையில் மோதியிருக்கும். பாவா பைக்கை எடுக்க, அவருக்குப் பின்னால் முனிரத்தினமும், அவரைக் கட்டிப் பிடித்தபடி சுசீலாவும் உட்கார, மூன்று பேராகப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்னொரு பைக்கை ஓட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

நர்ஸ் பி.பி. பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டாள், "இந்த்த எக்குவா? மாத்திர வேசுகோலேதா?" இவ்வளவு அதிகமா, மாத்திரை போடவில்லையா என்று. இருநூறைத் தாண்டியிருந்தது. சுசீலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது எனக்கு. என் பெயர் போட்ட காகிதம்தான் அவள் புருஷனை அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருந்தது.

ஊசி போட்டு, அன்று முழுக்க வைத்திருந்தார்கள். அங்கேயே ரத்தம் எடுத்து உடனே பிரித்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் 4.3.

4. "சிஸ்டம்"

திங்கட்கிழமை கார்த்திகேயன் வருவதற்கு முன்பே நோட்டையும் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். ஐந்து வாரமாகக் காலை எட்டரைக்கு முன் எடுத்த எல்லா சாம்பிளின் நேரமும் பத்து மணிக்கு மேல் மாறியிருந்தது. எல்லாம் என் லாகின்.

வந்து உட்கார்ந்ததும் நோட்டை அவன் மேஜையில் போட்டேன்.

"இன்னா சார் இது?"

அவன் மறுக்கக்கூட இல்லை.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. எடுத்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிட்டா பிக்கப்லயே சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடும். அப்புறம் பேஷன்ட்டத் திரும்பக் கூப்பிடணும். கம்ப்ளெய்ன்ட் வரும். நம்ம பிராஞ்ச் ரேட்டிங் இறங்கிடும். சும்மா ஒரு டைம்தானே மேடம்?"

"சும்மா டைமா? நேத்து ஒரு ஆளு செத்துருப்பான் சார். சிஸ்டம் எதுக்கு ரிஜெக்ட் பண்ணுது? இந்த ரத்தம் உதவாதுன்னுதான? அது சொல்றது நெசம். நீ பொய்ய சொல்லி அத ஏமாத்திக்கிற. அதுவும் எம் பேர்ல!"

இருபத்தாறு வருஷத்தில் ஒரு மேலதிகாரியை நான் 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான். வெளியே பெஞ்சில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கதவோரம் நின்றார்கள்.

"வெளிய பேஷன்ட் இருக்காங்க மேடம். மெதுவாப் பேசுங்க."

"அவங்களுக்குத்தான் சொல்லிக்கினு இருக்கறேன்."

அன்று ஒருவருக்கும் நான் பொட்டாசியத்துக்கு ரத்தம் எடுக்கவில்லை. வந்தவர்களிடம் காரணத்தைச் சொல்லி கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மதியம் முனிரத்தினத்தின் டாக்டரைப் பார்த்து நோட்டைக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, "உங்க லேப் காகிதத்த நம்பித்தாம்மா நான் மாத்திரைய நிறுத்தினேன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

5. பதினொரு பேர்

என் லாகினில் எல்லா ரிப்போர்ட்டும் தெரியும். ஐந்து வாரத்தில் பொட்டாசியம் ஏறி வந்தவர்கள் முனிரத்தினத்தைத் தவிர பதினொரு பேர். எட்டுப் பேருக்குப் போன் செய்தேன். மீதி மூன்று பேர் போனில் கிடைக்கவில்லை. சாயங்காலம் வேனை விட்டுவிட்டு வந்த பாவா, சட்டையைக்கூட மாற்றாமல், "ஏறு கலா, போலாம்" என்றார். மூன்று நாள் அப்படி அலைந்தோம். அருவிக்குப் போக வாங்கிப் போட்ட புது செருப்பு அதில் தேய்ந்தது.

பத்துப் பேருக்கு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்த்ததில் சரியாக இருந்தது. அதில் ஒரு கிழவர் பத்து நாளாகப் பயந்துபோய் வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றாவது மல்லிகா. பள்ளிப்பட்டில் தறி நெய்கிற பெண், நாற்பது வயது. கால் வீங்கியிருந்தது. "எங்க டாக்டரு அந்த ரிப்போர்ட்ட உட்டுடச் சொன்னாரும்மா. அந்த லேப்ல எல்லாருக்கும் இப்பிடித்தான் ஜாஸ்தியா வந்துகினு இருக்குதுன்னாரு" என்றாள்.

அவளுக்குத் திரும்பப் பார்த்ததில் 6.6. அது நிஜமான 6.6. கிட்னி போய்க்கொண்டிருந்தது. முனிரத்தினத்தையும் சேர்த்துப் பொய்யான பதினொன்றுக்கு நடுவே உண்மையான ஒன்று இருந்ததை யாரும் நம்பவில்லை. நல்ல ஆளுக்கு மாத்திரை நின்றது. நோயாளிக்கு வைத்தியம் நின்றது. ஒரு குக்கர் அளவு மிஷினை எடுத்ததற்கு இவ்வளவும்.

6. மெமோ

எட்டாம் நாள் சென்ட்ரிஃப்யூஜ் திரும்பி வந்தது. எங்கள் ஊர் டாக்டர்கள் ஆள் அனுப்புவதை நிறுத்தியதும் கம்பெனிக்குக் காது கேட்டுவிட்டது. கார்த்திகேயனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கே அவனுக்கு இரண்டு பிராஞ்ச் பொறுப்பு. எனக்கு மெமோ வந்தது. பாஸ்வேர்டைப் பிறரிடம் கொடுத்தது தவறு, நோயாளிகளிடம் நிறுவனத்தைப் பற்றிப் பேசியது தவறு என்று இரண்டு குற்றம்.

"வேலைய உட்டுடு கலா. எதுக்கு இந்த அசிங்கம்?" என்றார் பாவா.

"நான் போய்ட்டா அந்த நேரமெல்லாம் நான் போட்டதாவே நின்னுடும் பாவா. போமாட்டேன்."

மெமோவின் அடியில் தமிழில் எழுதினேன். முதலாவது உண்மை, என் தப்பு. இரண்டாவதை இன்னொரு தடவையும் செய்வேன். நேரத்தை மாற்றியது நான் இல்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு காப்பி எடுத்துக்கொண்டு கொடுத்தேன். பதில் வரவில்லை. ஓய்வு பெறும்வரை இருந்தேன்.

பிள்ளைகளே, சாம்பிள் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் மேலதிகாரியிடம் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. யாருடைய ரத்தமோ அவர்களிடம் சொல்லுங்கள். நான் மூன்று தடவை மேனேஜரிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவர்களிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

மல்லிகாவுக்கு இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். போன மாதம் போய்ப் பார்த்தேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்காதம்மா. எனக்கு ரத்தம் எடுத்தப்பவே அது கெட்டுடும்னு ஒனக்குத் தெரியுமா?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"ஆங், தெரியும்" என்றேன்.

அவள் எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்தாள். டீ ஆறும்வரை நான் அங்கேயே இருந்தேன்.