பலாப்பழத்தோடு வைத்த புத்தகம்

ஆராதனை முடிந்து சபையார் வெளியே வரும் கோயில் வாசலருகே ஒரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள். அதன்மேல் இரண்டு அடுக்குகள். ஒன்று என் புத்தகம், இன்னொன்று வாத்தியாருடையது. இரண்டும் ஒரே மாதத்தில் அச்சாகி, ஒரே பஸ்ஸில் மலையேறி வந்தவை. அவருடைய அடுக்கு இறங்கிக்கொண்டே போனது. என்னுடையது வைத்தது வைத்தபடி இருந்தது.

யாரும் தொடவில்லை என்று சொல்ல முடியாது. எடுத்தார்கள். பின்னட்டையிலுள்ள படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீயே எழுதுனதா கண்ணு?"

"ஆமாங்க."

"பரவால்லையே!"

தோளைத் தட்டிவிட்டு, என்னுடையதைக் கீழே வைத்துவிட்டு, அவருடையதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வாத்தியார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அரசுப் பள்ளிக்கு மாறுதலாகி வந்து மலையிலேயே தங்கிவிட்டவர். அவருடைய தாத்தா உபதேசியார். அப்பா கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். வாத்தியாரும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே எல்லாச் சரணமும் பாடுவார். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் புத்தகம் என் ஒன்றாம் வகுப்புப் பாடநூல். அவர் மூன்று தலைமுறை வேதத்தின் மேல் நின்றுகொண்டு பேசுகிறார், நான் வெறும் தரையில் நின்றுகொண்டு எக்கிப் பார்க்கிறேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. அவருக்குச் சொந்த மாவட்டத்துக்கே மாறுதல் கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபித்தேன். அவருடைய நன்மைக்காகத்தான் கேட்கிறேன் என்று ஆண்டவரிடமே சொல்லிப் பார்த்தேன்.

என் புத்தகம் சின்னது. இயேசு சொன்ன உவமைகளை எங்கள் மலைக்காட்டில் வைத்துப் பார்க்கும் தியானங்கள். விடுதியில் தங்கிப் படித்தபோதுதான் நான் விசுவாசத்துக்கு வந்தேன். "படிக்கப் போன எடத்துல சாமியையே மாத்திக்கிட்டு வந்துட்டான்" என்று எங்கள் மலைப் பகுதியான குண்டூர் நாடு முழுக்கப் பேசினார்கள். அப்பா மட்டும், "சாமியத்தானே மாத்துனான், அப்பன மாத்தலையே" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். அவர் இன்றைக்கும் ஊர்க் கோயிலுக்குத்தான் போகிறார். ஆனால் என் புத்தகத்தின் பாதிப் பக்கங்களில் அவர்தான் இருக்கிறார். விதைக்கிறவனும் அவர்தான், காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிறவனும் அவர்தான்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவர் அந்தப் பக்கங்களைக் கேட்கிற முதல் தடவை என் குரலில்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதுவும் வீட்டில் வேண்டாம். சபைக்கு முன்னால், ஒலிபெருக்கியில், அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியீட்டன்று அதற்குத்தான் அழைத்தேன். அன்று விடியும்போதே நல்ல மழை. மழை ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பெய்வதில்லை. அப்பா சாமை விதைக்கப் போய்விட்டார். நான் படித்தேன், வாத்தியார் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். போதகர் அறுப்பின் பண்டிகையில் இன்னொரு தடவை படிக்கலாம் என்றார். அன்றைக்குக் கட்டாயம் வருவதாக அப்பாவும் சொன்னார். அதுவரை வீட்டில் ஒரு வரிகூடப் படித்துக் காட்டாமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

பலா முற்றியது. சந்தை நாளில் சோளக்காடு ஊர்ச் சந்தைக்குப் பழம் ஏற்றும்போது அப்பா கேட்டார்.

"உன் பொஸ்தகம் மூட்டையாக் கெடக்குதே, அதையும் எடுத்து ஆட்டோவுல போடு சாமி."

"பழம் விக்கிற எடத்துல அது எதுக்குங்கப்பா?"

"கீழ்நாட்டுலருந்து கார் காரா வாரானுங்க. பழம் வாங்குறவன் பொஸ்தகம் வாங்க மாட்டானா? கோயில் வாசல்ல வெச்சு என்னத்தக் கண்ட?"

கடைசிக் கேள்வி குத்தியது. எடுத்துப் போட்டேன்.

சாலையோரத்தில் சாக்கு விரித்துப் பழங்களை அடுக்கி, அதன் ஓரத்தில் புத்தகங்களை வைத்தேன். அப்பா எப்போதும் ஒரு பழத்தை அறுத்து வைத்துக்கொண்டுதான் வியாபாரத்தைத் தொடங்குவார். போகிறவர் வருகிறவர் கையில் ஒரு சுளையைக் கொடுத்துவிடுவார். வாங்கச் சொல்லிக் கூப்பிட மாட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான். தின்று பார்த்தவன் தானே விலை கேட்பான். மூடிய பழத்தைப் புகழ்கிறவனை மலையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் டீ வாங்கப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வரும்போது எங்கள் சாக்கைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். பழம் நன்றாகப் போகிறது போல என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தேன். குரல் கேட்டது. கோயிலில் கேட்கும் அதே குரல், அவசரமில்லாத குரல். ஆனால் சொற்கள் என்னுடையவை.

"எங்கள் மலையில் கல் இல்லாத காடு கிடையாது. கல்மேல் விழுந்த விதை முளைக்காது என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் விதைக்கும்போது கையை ஒதுக்க மாட்டார். கல்லுக்கும் சேர்த்தே வீசுவார். கேட்டால், கவுதாரி தின்ன எங்கே போகும் என்பார்."

என் புத்தகம் வாத்தியாரின் கையில் விரிந்திருந்தது. அப்பா அறுத்த பழத்தின் முன்னால் குத்துக்கால் போட்டு, பால் ஒட்டிய கத்தியைப் பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

டீ கையில் கொட்டியது. சூடு அப்புறம்தான் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். பழம் வாங்க வந்த ஓர் அம்மா, "இது என்ன பொஸ்தகமுங்க?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்த வியாபாரம் ஒன்றுதான், அறுத்துக் காட்டுவது. கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்து, அந்த வழியாகப் போன வாத்தியாரைக் கூப்பிட்டு, "சாரு, இதுல ஒரு சுளைய எடுத்து இவங்களுக்குக் குடுங்க" என்றிருக்கிறார்.

வாத்தியார் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "தம்பி, வந்துட்டியளா? ஒங்க அப்பா படிக்கச் சொன்னாவ. என்னமா எழுதியிருக்கிய!"

அவர் மனதாரச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம், அவர் வாயில் என் வரிகள் நன்றாக இருந்தன. நான் படித்தபோது அவை இவ்வளவு நன்றாக இல்லை.

அந்த அம்மா புத்தகத்தை எடுத்து அவரிடமே நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்."

"ஐயோ, நான் எழுதலம்மா. இந்தத் தம்பிதான்."

"யாரு எழுதியிருந்தா என்னங்க? படிச்சது நீங்கதானே. போடுங்க."

கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். வாத்தியார் என்னிடம் பேனாவை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா அதை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அவரும் கீழ போடட்டும்" என்றார். அவரும் போட்டார். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வாங்கினார்கள். கோயில் வாசலில் அசையாத அடுக்கு சாக்கின்மேல் கரைந்தது. நான் சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது.

அப்பா பெரிய பழமாகப் பார்த்து வாத்தியாரின் வண்டியில் கட்டிவிட்டார். அவர் மறுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. சும்மா வாங்கிக்கொண்டு போக மனமில்லாமல் தம் பையிலிருந்து ஒன்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அவருடைய புத்தகம்.

மறுநாள் அடைமழை. அப்பா பலாக்கொட்டையைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அந்தச் சாரு குடுத்த பொஸ்தகத்த எடுத்துப் படி கண்ணு, கேப்போம்."

"எனக்கு வேலை இருக்குதுங்கப்பா."

"மழையில உனக்கென்ன வேலை? படி."

என் புத்தகத்தை அப்பாவுக்குப் படிக்க நான் மேடை தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் வீட்டில், என் குரலில், அப்பா முழுசாகக் கேட்கப்போகும் முதல் புத்தகம் அவருடையது. அதுவரை அதை நான் திறந்ததே இல்லை. குறை தேடிக்கொண்டே படித்தேன். இரண்டு அச்சுப் பிழை கிடைத்தது, வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. மலைக்கு வந்த புதிதில் அட்டை கடித்து அவர் அலறிய கதைக்கு அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் சிரித்தாள்.

அப்புறம் அவருடைய அம்மாவைப் பற்றிய பக்கம் வந்தது. படுக்கையில் கிடந்தவர் மகன் வேதம் வாசித்துக் கேட்க ஆசைப்பட்டிருக்கிறார். மகனுக்கு விடுப்புக் கிடைத்து, மலையிறங்கி, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் வாசித்து முடித்துவிட்டாள், அம்மாவும் கண்ணை மூடிவிட்டார். அன்றிலிருந்து யார் வாசிக்கச் சொன்னாலும் மறுப்பதில்லை என்று எழுதியிருந்தார்.

நான் நிறுத்திவிட்டேன்.

"தொண்டை கட்டுதா? தண்ணி குடி" என்றார் அப்பா. கொட்டைத் தோலைத் தட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். "ஏஞ் சாமி, அவரு உன்னுதுல ஒரு பக்கந்தான் படிச்சாரு. மிச்சம்?"

"அறுப்புப் பண்டிகைக்குத்தான் வரேன்னீங்களே. அன்னைக்குப் படிக்கிறேன்."

"அன்னைக்கும் மழை வந்துச்சுன்னா? காட்ட விட்டுட்டு வர முடியுமா? இப்பவே படி."

எடுத்து வந்தேன். ஒலிபெருக்கி இல்லை, முதல் வரிசையும் இல்லை. ஆடு தேடிப் போன பக்கத்தைப் படித்தேன், கடன் மன்னித்த பக்கத்தைப் படித்தேன். கல்லுக்காட்டுப் பக்கம் வந்ததும், இது கேட்டதுதானே என்று தாண்டப் போனேன்.

"அதையும் படி. உன் வாயால கேக்கலையே."

படித்தேன். முடித்ததும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் படிச்சது நல்லாருந்துச்சா, சாரு படிச்சதா?"

அப்பா யோசிக்கவே இல்லை. "சாருதான். நீ பஸ்ஸு புடிக்கப் போறவனாட்ட ஓடுற. அவரு ஒவ்வொரு சுளையா எடுத்துக் குடுக்குறாரு." பலாக்கொட்டைக் கூடையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "மறுக்காப் படி. மொதல்லருந்து. மெதுவா."

மெதுவாகப் படித்தேன். வரிக்கு வரி நிறுத்தினேன். ஒரு பக்கம் தாண்டியதும்தான் உறைத்தது, அது வாத்தியாருடைய நிறுத்தம், அவருடைய இழுப்பு. என் புத்தகத்தை அவர் மாதிரியே படித்துக்கொண்டிருந்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா தோலுரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் படிப்பதை நிறுத்தவில்லை.