மேலே ஏறுங்க, ஓவிலா

ரோலாந்த் ஆர்செனோ கனடா விமானப்படையில் சேர்ந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. பிரெஞ்சு பேசும் காஸ்பே கடற்கரையில் மீன் அறுத்துக் காயப்போடும் வேலை அலுத்துப்போய்க் கிளம்பியவள். கியூபெக் மாநிலத்தின் வடக்கே, காட்டுக்கு நடுவில் ஒரு குன்றுக்கு அனுப்பினார்கள். உச்சியில் பெரிய வெள்ளைக் குவிமாடத்துக்குள் தொலைதூர ராடார் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ரஷ்யக் குண்டு விமானம் வடதுருவம் தாண்டி வந்தால் முதலில் அதன் கண்ணில்தான் பட வேண்டும். ஐம்பதுகளில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது.

ரஷ்யர்கள் வரவில்லை. இருட்டறையில் ஆளுயரக் கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நின்று, ராடார் திரை பார்ப்பவர்கள் சொல்லும், விமானம் இருக்கும் இடத்தின் எண்களை மெழுகுப் பென்சிலால் இடவலம் மாற்றி எழுதுவது அவள் வேலை. முன்னால் இருக்கும் அதிகாரிக்கு அது நேராகத் தெரியும். எழுத்து சீக்கிரம் பழகிவிட்டது. ஆங்கிலம்தான் படுத்தியது. ஃபிஃப்டீன் என்றால் அவள் காதில் ஃபிஃப்டி என்று விழும்.

"நம்ம தபால் விமானம் கடல்ல போகுது பாருங்க!" என்று தோழி டோரீன் கேலி செய்வாள். ரோலாந்த் பிரெஞ்சில் திட்டுவாள். டோரீனுக்குப் புரியாது, அதுவரை நிம்மதி.

அக்டோபரில் ஒரு காலை. காடு முழுக்க மூடுபனி. ரேடியோவில் திடீரென ஒருவர் கத்த ஆரம்பித்தார், அத்தனையும் பிரெஞ்சு. பணியிலிருந்த அதிகாரி மெக்கீக்கு பிரெஞ்சு தெரியாது; ரோலாந்த் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றார்?"

"தண்ணியில இறங்கற மிதவை விமானம் சார். வழி தெரியலையாம். பெட்ரோலும் குறையுதாம்."

"ராடார்ல ஆளையே காணோம். மரத்தை உரசிக்கிட்டுப் பறக்கிறார் போல. மேல ஏறினாத்தான் நமக்குத் தெரிவார். சொல்லு."

பலகைக்காரிகள் ரேடியோவில் பேசக் கூடாது என்பது விதி. மெக்கீ தன் தலையிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டிவிட்டார்.

"ஐயா, ராடார் நிலையத்துலேருந்து ரோலாந்த் பேசறேன். உங்க பேரு?"

"ஓவிலா கோத்தியே. எதுக்கு, கல்லறையில வெட்டறதுக்கா?"

"மேல ஏறுங்க. அப்பத்தான் நாங்க உங்களைப் பார்க்க முடியும்."

"நீ என்னைப் பார்க்கறது இருக்கட்டும். நான் எதைப் பார்க்கறது? கீழ நாலு மரமாவது தெரியுது. அதையும் விட்டுட்டு வெள்ளைக்குள்ள போகச் சொல்றியா?"

"உங்க வீட்டம்மா பேரு என்ன?"

"அவ எதுக்கு இப்போ?"

"ஏறச் சொன்னோம், மனுஷன் வீம்பு பிடிச்சாருன்னு அவங்ககிட்ட நான்தானே சொல்லணும்!"

ரேடியோவில் இன்ஜின் உறுமல் கூடியது. "வாயாடி! ஏறறேன்."

பச்சைக் கோடு திரையைச் சுற்றி வந்தது. ஒன்றுமில்லை. மறுபடி சுற்றியது. வடமேற்கே மினுக்கென்று ஒரு புள்ளி. இவர்தானா என்று உறுதி செய்ய, இடது பக்கம் திரும்பச் சொன்னாள். புள்ளியும் திரும்பியது.

"பிடிச்சுட்டோம் ஐயா! இனி நான் சொல்ற திசையில வாங்க."

பக்கத்து ரயிலடி ஊரின் ஏரிமேல் பனி விலகிவிட்டதென்று தொலைபேசியில் சொன்னார்கள். அவரை அங்கே கொண்டுபோனாள். "தண்ணி தெரியுது" என்று ஓவிலா கத்தினார். டோரீன் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நிலையத் தலைவர் விதியை மீறியதற்காக மெக்கீயையும் அவளையும் நிற்கவைத்துத் திட்டினார். திட்டி முடித்து அவளிடம், "திங்கட்கிழமையிலேருந்து ராடார் திரை முன்னால உட்காரக் கத்துக்கோ" என்றார்.

சில நாள் கழித்து ஓவிலா சாக்கு நிறைய மீனோடு நிலையத்துக்கு வந்தார். அவளைப் பார்த்ததும், "இத்தனூண்டு பொண்ணா நீ! குரலைக் கேட்டு நாலு பிள்ளை பெத்தவள்னு நினைச்சேன்" என்றார். உணவுக்கூடத்தில் பட்டாணி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, உப்பு குறைவு என்று குறை சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டோரீன் அவளுக்கு ஆங்கில எண்களை உருப்போட வைத்தாள். விமானங்களை ரேடியோவில் பேசி வழிநடத்தும் பயிற்சிக்கு ரோலாந்த் மனு போட்டாள். அதற்கான ஆங்கில மொழித் தேர்வில் முதல் தடவை தோற்றாள். வசந்தத்தில் மறுபடி எழுதித் தேறினாள். மே மாதம், புதுக் காலணி காலைக் கடிக்கக் கடிக்க, அந்தப் பயிற்சிக்காக ஒன்டாரியோவுக்கு ரயிலேறினாள்.