பூஜை கீழே, மெயின் சுவிட்ச் மேலே

நான் வேலை பார்க்கும் கட்டிடத்துக்கு ஒரு பெயர் உண்டு. முகப்பில் சிமென்ட் எழுத்துகளாக அது இன்னும் நிற்கிறது, நடுவில் இரண்டு எழுத்து உதிர்ந்துபோய். திருச்சியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆட்டோக்காரருக்கும் கண்டக்டருக்கும் அது 'ஆறு மாடி'. தில்லை நகரில் இன்று சாதாரண ஆஸ்பத்திரியே அதைவிட உயரம். ஆனாலும் மெயின்கார்டு கேட் தாண்டியதும் கண்டக்டர் "ஆறு மாடியெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தால், இறங்க வேண்டியவர்களுக்கு இடம் தெரிந்துவிடும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்களில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி தனக்கென்று கட்டியது என்பார்கள். ஸ்ரீரங்கத்துத் தெற்குக் கோபுரம் அப்போது மொட்டையாக நின்றது. மலைக்கோட்டையை விட்டால் ஊரில் ஏறிப் பார்க்க இதுதான் உயரமாம். லிஃப்டைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து போவார்களாம். பிறகு கம்பெனி போனது, கட்டிடம் கைமாறியது, மாடிகள் துண்டு துண்டாக வாடகைக்கு விடப்பட்டன. இப்போது இரண்டாவது மாடியில் பல் டாக்டர். ஐந்தாவதில் டைப்பிங் சொல்லிக்கொடுத்து, பிறகு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, இப்போது எதையும் சொல்லிக்கொடுக்காமல் பூட்டிக் கிடக்கும் ஒரு கூடம். நாலாவதில் நான் கணக்கெழுதும் ஆடிட்டர் ஆபீஸ்.

இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அந்தக் கட்டிடத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்று எனக்குச் சொன்னவள் என் மகள். துவாக்குடி பக்கம் ஹாஸ்டலில் தங்கி ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். ஆளுக்கொரு பழைய கட்டிடத்தை அளந்து வரைய வேண்டும் என்றதும் மற்றவர்கள் கோயில், சர்ச், காலேஜ் என்று போக, இவள் என் ஆபீஸைத் தேர்ந்தெடுத்தாள்.

"கோயில வரைய ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. உன் ஆபீஸ யாரு வரைவா?"

மேற்குப் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாகக் காங்கிரீட் பலகைகள் நிற்கின்றன, அலமாரியில் புத்தகங்களை நிறுத்திவைத்த மாதிரி. எனக்குத் தெரிந்தவரை அவை புறா உட்காரும் இடம். அவள்தான் சொன்னாள், அவை கொஞ்சம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றனவாம். சாயங்கால வெயில் உள்ளே வராது, காவிரிப் பக்கத்துக் காற்று மட்டும் வரும். நாங்கள் அந்த இடைவெளிகளில் ஏசி பெட்டிகளை மாட்டி, ஜன்னலை அடைத்து, உள்ளே இருட்டில் ட்யூப் லைட் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். "பரீட்சைல மார்க் வாங்குற கட்டிடம்மா இது. நீங்க அதை ஃபெயிலாக்கி வச்சிருக்கீங்க" என்றாள்.

எனக்கு அவள் சொன்னதைவிட அவள் நின்ற இடம்தான் கண்ணில் பட்டது. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து அளந்துகொண்டிருந்தாள். "ஏண்டி, உள்ள வா." "வரேம்மா." "இப்ப வா." பூஜை விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்த நாட்கள் முழுக்க எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு லீவு என்பதால் ஆறு மாடியில் முந்தின நாள் மத்தியானமே பூஜை முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு ஆபீஸிலும் கம்ப்யூட்டருக்கும் கால்குலேட்டருக்கும் சந்தனம், குங்குமம். கடைசியாக, கட்டிடத்துக்கே பொதுவாக, லிஃப்டுக்கு. அதைக் கீழ்த்தளத்துக்கு வரவழைத்து, கம்பிக் கதவைச் சாத்தி, வெளியே இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சூடம் காட்டுவார் வாட்ச்மேன். காட்டியதும் லிஃப்டுக்கு ஓய்வு. விஜயதசமி காலைவரை யாரும் தொடக்கூடாது. மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார். எங்களுக்கெல்லாம் தெரியும், பொரிப் பொட்டலத்தோடு படியில் இறங்கிவிடுவோம்.

அந்த மெயின் சுவிட்ச் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் இருக்கிறது. கீழே சூடம் காட்டிவிட்டு அவர் ஆறு மாடியும் ஏறியாக வேண்டும். முட்டிவலிக்காரர், நின்று நின்றுதான் ஏறுவார். அந்த இடைவெளியைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

என் மகள் ஐந்தாவது மாடியில் இருந்தாள். எங்கள் ஆபீஸ் பூஜையில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, "நீ கீழ போம்மா, அந்த ரெண்டு வராந்தா ஜன்னலை மட்டும் அளந்துட்டு வரேன்" என்று மேலே போனவள். நான் கீழே லிஃப்ட் பூஜையில் நின்றேன். பிறகு எல்லோரும் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க ரோட்டுக்குப் போனோம். எதிர்க்கடையில் மைக்செட் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தது. அவள் வரவில்லை. போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாட்ச்மேன் இறங்கி வந்து ஷட்டரைப் பிடித்தார்.

"அண்ணே, பாப்பா மேல இருக்கா."

"யாரும் இல்லம்மா. நான் மேலேர்ந்து ஒவ்வொரு மாடியா பாத்துட்டுதான் வரேன். பாப்பா கூட்டத்தோட கூட்டமா போயிருக்கும். இந்தக் காலத்துப் புள்ளைங்க சொல்லிட்டா போவுதுங்க?"

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பாளோ என்று போனேன். இல்லை. ஸ்ரீரங்கம் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது; வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஏறிவிட்டேன். பஸ் நகர்ந்ததும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "வீடு பூட்டித்தான இருக்கு? கோலம்கூட கலையல" என்றார். காவிரிப் பாலத்துக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் வண்டியில் கட்டியிருந்த மாவிலை காற்றில் படபடவென்று அடித்தது. கொஞ்சம் வேகமா போங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்றார்.

ஷட்டர் பூட்டியிருந்தது. எதிர்க்கடை மைக்செட் ஓய்ந்திருந்தது. அடுத்த தெரு சைக்கிள் கடை பூஜையில் வாட்ச்மேனைக் கண்டுபிடித்து இழுத்துவந்தேன். முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். படிகளில் ஏறினேன், ஒவ்வொரு மாடியிலும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே. நாலாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது ஏதோ தட்டுகிற சத்தம். மெல்லிசாக, விட்டு விட்டு.

"புறாம்மா. பிளைவுட் பலகைக்குப் பின்னாடி கூடு கட்டியிருக்கு" என்றார் கீழிருந்து.

புறா அப்படி ஒரே சீராகத் தட்டாது. படியோரம் லிஃப்டை மறைத்து அடித்திருந்த அந்தப் பலகையில் காதை வைத்தேன். "அம்மா" என்று ஒரு குரல். மிக அருகில் இருந்து, ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவது போல.

வாட்ச்மேன் முகம் வெளுத்துவிட்டது. "பூஜை போட்டு அணைச்சிட்டேனேம்மா" என்றார். ஒரு நொடிதான். பிறகு முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ, என்னைத் தாண்டி ஓடினார்.

நடந்தது இவ்வளவுதான். அவர் ஐந்தாவது மாடியைத் தாண்டி ஏறியபின் அவள் அங்கே பட்டனை அழுத்தியிருக்கிறாள். எல்லோரும் ரோட்டில் நின்றதால் லிஃப்ட் கிளம்பியதை ஒருவரும் பார்க்கவில்லை; மாலைக்கும் வாழை இலைக்கும் பின்னால் அது இல்லாததும் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அவள் ஏறி, அது இறங்கத் தொடங்கிய நேரத்தில் அவர் மோட்டார் அறையை அடைந்திருக்கிறார். "மோட்டார் ஓடுற சத்தம் கேக்கலையாண்ணே?" என்று பிறகு கேட்டேன். "மைக்செட்டுல என் காதே எனக்குக் கேக்கலம்மா. கண்ண மூடி கும்பிட்டுட்டு சுவிட்ச இறக்கினேன்" என்றார். அலாரம் மணியும் அதே மெயினில்தான் இருந்தது.

மேலே அவர் சுவிட்சைப் போட்டதும் லிஃப்ட் ஒரு குலுங்கலோடு நாலாவது மாடிக்கு வந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடக்க, மடியில் பொரிப் பொட்டலத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் இரும்பு ஸ்கேல்.

"பொரிய முழுக்க தின்னுட்டேம்மா. உனக்கு இல்ல."

சிரித்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஸ்கேலைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக விரித்தேன்.

அன்று ராத்திரி அவள் தூங்கிவிட்டாள். அவள் அப்பா வெளியூரிலிருந்து போனில், "லிஃப்ட்ல மாட்டிக்கிறது ஊர்ல நடக்காததா? விடு" என்றார். என்னால் விட முடியவில்லை. நான் பஸ்ஸிலேயே வீடுவரை போயிருந்தால்? வாட்ச்மேன் ஊருக்குக் கிளம்பியிருந்தால்? நடுவில் ஒரு முழு நாள் லீவு.

மறுநாள் காலை அவள் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். படிக்கட்டு லிஃப்டைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. நடுவே சுவர் கிடையாது, கம்பி வலை மட்டும்தான். படியில் போகிறவருக்கு லிஃப்டில் இருப்பவர் தெரிவார், கூப்பிட்டால் கேட்கும். எனக்கே நினைவு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வலை வழியாகத்தான் லிஃப்ட் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். பிறகு புறா எச்சம் என்று ஒரு மாடியில் பிளைவுட் அடித்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று மற்ற மாடிகளும் அடித்தன. வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் அதற்கு க்ரீம் கலர் பெயிண்ட் வேறு.

"கட்டினவரு மூடலம்மா. நீங்கதான் மூடினீங்க."

கட்டிடத்துக்காரரின் ஏஜென்ட் வந்த அன்று, வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் இருக்கையில், பலகைகளை எடுக்கச் சொன்னேன். அப்படிப்பட்ட கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

பல் டாக்டர் சிரித்தார். "மேடம், உங்க பொண்ணு ஒரு நாள் மாட்டுனதுக்கு நாங்க தினமும் புறா எச்சம் பாக்கணுமா?"

"அடுத்த தடவை உங்க பேஷன்ட் மாட்டலாம் டாக்டர்."

"என் பேஷன்ட் எல்லாம் படியிலதான் வருவான். பயத்துல."

எல்லோரும் சிரித்தார்கள், நான் உட்பட. சிரிப்போடு பேச்சு முடிந்துவிடுமோ என்று பயந்து மறுபடி ஆரம்பித்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில், சுவிட்சை அணைக்குமுன் ஒருவர் கீழே லிஃப்ட் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று முடிவானது. பலகையைப் பற்றி ஏஜென்ட் "பாக்கலாங்க" என்றார். எங்கள் ஆடிட்டர் மட்டும், "நம்ம மாடியில எடுத்துக்கோங்கம்மா. புறா வந்தா நீங்கதான் விரட்டணும்" என்றார்.

ஆசாரி வந்து பலகையைக் கழற்றியபோது பின்னால் இருந்த கம்பி வலை துருப்பிடிக்காமல் அப்படியே இருந்தது. சதுரம் சதுரமாக, ஓரத்தில் பச்சைப் பெயிண்டோடு. படியில் வெளிச்சம் விழுந்தது.

போன சனிக்கிழமை அவள் மீதி அளவெடுக்க வந்தாள். படியில் போ என்றேன். "இனிமே வாழ்க்கை பூரா படியிலயே போகணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு லிஃப்டுக்காகக் கீழே நின்றாள். நான் முந்திக்கொண்டு ஏறி, நாலாவது மாடி வலைக்கு எதிரே நின்றேன். லிஃப்ட் வந்தது. முதலில் அவள் தலை, பிறகு தோளில் பை, பிறகு செருப்பு. என்னைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டு மேலே போனாள்.

ஐந்தாவது மாடியில் இன்னும் பலகைதான். அங்கே எனக்கு எதுவும் தெரியாது. கம்பிக் கதவு இழுபடும் சத்தம் வரும்வரை நின்றேன். வந்தது. உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.